எபோலாவுக்கு ஊசி இருக்கு, நம்ம தெரு டெங்குவுக்கு மட்டும் ஏன் இல்ல?

கொருக்குப்பேட்டை செல்வி
ஞாயிறு, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். மத்தவங்க எழுதுறத படிச்சுட்டு சும்மா போயிடுவேன், இன்னிக்குத்தான் முதல் தடவையா கேக்குறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

நான் கொருக்குப்பேட்டையில வீட்டோட பிளவுஸ் தைக்கிறேன். பெரியவளுக்கு 11 வயசு, ஆறாவது படிக்கிறா. சின்னவனுக்கு 5. போன ஐப்பசி மழையில பெரியவளுக்கு ஜுரம் வந்துச்சு. நாலு நாள் 103க்குக் கொறையல. கண்ணுக்குப் பின்னாடி வலிக்குதும்மான்னு அழுவா. அஞ்சாம் நாள் காலையில தொட்டுப் பாத்தா உடம்பு சில்லுன்னு இருக்கு. அப்பாடா விட்டுச்சுன்னு தெருமுனை அங்காளம்மனுக்கு ஒரு சூடம் ஏத்திட்டு வந்து, ரசஞ்சோறு பெசஞ்சு குடுத்தேன். ரெண்டு வாய்தான் சாப்ட்டா.

மத்தியானம் மூணு மணிக்கு வயித்த வலிக்குதுன்னா. ரெண்டு தடவ வாந்தி. அப்புறம் பாயில சுருண்டவதான், கூப்ட்டா 'ம்'ங்கிறா, கண்ணத் தொறக்க மாட்டேங்கிறா. கையும் காலும் ஐஸ் மாதிரி. ஜுரமே இல்ல. ஜுரம் இல்லாத புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு எனக்குப் புரியல.

பக்கத்துல ஒரு நர்சிங் ஹோமுக்குத் தூக்கிட்டு ஓடுனோம். ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, பிளேட்லெட் 31,000தான் இருக்கு, வெளிய வாங்கி ஏத்தணும், முதல்ல பணத்தைக் கட்டுங்கன்னாங்க. கையில அவ்ளோ இல்ல. எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணன்தான் "பேசிட்டு நிக்காத, ஏறு"ன்னு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு. அங்க டியூட்டி டாக்டரம்மா புள்ளையோட கால் கட்டைவிரல் நகத்தை ஒரு அமுக்கு அமுக்கிப் பாத்தாங்க. அடுத்த நிமிஷம் டிரிப்ஸ் ஏறுது. பிளேட்லெட் ஏத்தவே இல்ல, நான் கேட்டும் வேணாம்னுட்டாங்க. விரல்ல குத்தி மெலிசா ஒரு கண்ணாடிக் குழாயில ரத்தம் எடுத்து எடுத்துப் பாத்துட்டு, டிரிப்ஸ் வேகத்தை மாத்திக்கிட்டே இருந்தாங்க. சிஸ்டர் ஒரு பேப்பர்ல நேரம் போட்டு எழுதி வெச்சாங்க: 39, 45, 47, 44, 40, 36. அந்தப் பேப்பரை மடிச்சு இன்னும் என் தையல் மெஷின் டிராயர்ல வெச்சிருக்கேன்.

ரெண்டாம் நாள் ராத்திரி "பன்னு வேணும்மா"ன்னு கேட்டா. அப்பத்தான் எனக்கு உயிர் வந்துச்சு. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா சொன்னாங்க, இது அவளுக்கு ரெண்டாவது டெங்கு, முதல் தடவை வந்தது சாதா ஜுரம்னு நெனச்சு விட்டிருப்பீங்கன்னு.

இப்ப கேள்விக்கு வரேன். என் தம்பி கப்பல்ல வேலை, காங்கோ பக்கமெல்லாம் போயிட்டு வந்தவன். பொங்கலுக்கு வந்தப்ப சொன்னான், "அக்கா, எபோலான்னு ஒண்ணு, வந்தா பாதிப் பேர் பொழைக்க மாட்டாங்க. அதுக்கே ஊசி வந்துடுச்சு, மருந்தும் வந்துடுச்சு. டெங்குவும் அந்த ரத்தக்கசிவு ஜுர வகைதான். நம்ம தெருவுல வருஷா வருஷம் வரதுக்கு ஏன் ஊசி இல்ல?" எனக்குப் பதில் தெரியல. ஏழைங்க நோய்னு விட்டுட்டாங்களா? காங்கோவும் ஏழை நாடுதானே? என் பொண்ணுக்கு மூணாவது தடவை வந்தா என்ன ஆகும்? நாளைக்கு ஊசி வந்தா நான் முதல் ஆளா போய் நிக்கணுமா, இல்ல பயப்படணுமா? எங்க மகளிர் குழு வாட்ஸ்அப்ல ஒரு வாய்ஸ் சுத்துது, பிலிப்பைன்ஸ்ல டெங்கு ஊசி போட்டு புள்ளைங்க செத்துப்போச்சுன்னு. நெசமா? விவரம் தெரிஞ்சவங்க எனக்குப் புரியுற மாதிரி சொல்லுங்க.


எண்ணூர் ஏபி
ஞாயிறு, இரவு 11.25

தங்கச்சி, பாப்பா பொழைச்சதே பெரிய விஷயம். நானும் கப்பல்தான், 19 வருஷம் ஆச்சு. உங்க தம்பி சொன்னது சரி.

2014-ல எபோலா உச்சத்துல இருந்தப்ப ஃப்ரீடவுன்ல சரக்கு இறக்க நின்னோம். கரைக்கு ஒருத்தரும் இறங்கக் கூடாது. கேங்வேயை, அதான் கப்பல்ல ஏறி இறங்குற படியை, தூக்கியே வெச்சிருப்போம். மேல ஏறி வர ஆளுங்க நெத்தியில தெர்மாமீட்டரை நீட்டிப் பாக்குறது என் டியூட்டி. கிரேன் ஓட்ட வந்த ஒரு பெரியவர் கை குடுக்க மாட்டார், முழங்கையைத்தான் நீட்டுவார். கிளம்புற அன்னிக்கு என்கிட்ட சொன்னார், அவர் தெருவுல ஏழு வீடு பூட்டிக் கிடக்குன்னு. அப்ப ஊசியும் கிடையாது, மருந்தும் கிடையாது. அங்கேர்ந்து கிளம்பி 21 நாள் முடியிற வரைக்கும் தினம் காலையில எங்களுக்கு நாங்களே ஜுரம் பாத்துக்கிட்டோம்.

ஆப்பிரிக்கா லைன்ல போறவங்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயம். நான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போட்டேன். முட்டை ஒத்துக்குமான்னு கேட்டுட்டுத்தான் போட்டாங்க. போட்டு 10 நாள் கழிச்சுத்தான் ஊசி போட்டதுக்குக் குடுக்கிற அந்த மஞ்சள் அட்டை செல்லும். முன்னாடி 10 வருஷத்துக்கு ஒருக்கா போடணும். 2016 ஜூலையிலேர்ந்து ஒரு ஊசியே ஆயுசுக்கும் செல்லும்னு மாத்திட்டாங்க. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புறதும் நம்ம வீட்டுல கடிக்கிற அதே டெங்கு கொசுதான். ஒரே கொசு. அதுக்கு ஒரு ஊசி ஆயுசுக்கும் போதும், இதுக்கு இல்ல. ஏன்னு எனக்கும் தெரிஞ்சுக்கணும். பழைய லேப் ஐயா பாத்தா எழுதுங்க.


தண்டையார்பேட்டை பழைய லேப்
திங்கள், காலை 5.50

செல்வி அம்மா, உங்க பேப்பர்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன். 31 வருஷம் அரசு ஆஸ்பத்திரி லேப்ல அந்தக் கண்ணாடிக் குழாயைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். தென்னங்குச்சி தடிமன்தான் இருக்கும். விரல்ல குத்தி ஒரு முனையைத் துளியில வெச்சா ரத்தம் தானா ஏறும். இன்னொரு முனையைக் களிமண் மாதிரி ஒண்ணால அடைச்சு, மெஷின்ல அஞ்சு நிமிஷம் சுத்த விடுவோம். எடுத்துப் பார்த்தா கீழே கெட்டியா சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்துல தண்ணி, நடுவுல நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. மொத்த நீளத்துல சிவப்பு எத்தனை பங்குன்னு அளக்கணும். அதைத்தான் பிசிவின்னு சொல்லுவோம்.

உங்க பொண்ணுக்கு நல்லா இருக்கிறப்ப 36. அது 47க்கு ஏறிச்சுன்னா சிவப்பணு கூடலை, தண்ணி குறைஞ்சிருக்கு. ரத்தக்குழாய்ச் சுவர் வழியா அந்த வைக்கோல் நிறத் தண்ணி கசிஞ்சு வயித்துலயும் நெஞ்சுலயும் இறங்கிடுச்சு. வயித்து வலி அதனாலதான். கை கால் சில்லிட்டதும் அதனாலதான், ஓடுறதுக்குக் குழாய்ல போதுமான அளவு இல்லை. பிசிவி 20 சதவீதம் ஏறினாலே ஆபத்துன்னு பார்ப்போம். உங்க பொண்ணுக்கு 30 சதவீதம் ஏறியிருக்கு. டாக்டரம்மா நகத்தை அமுக்கினது, வெளுத்த இடத்துல ரத்தம் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கத்தான்.

இந்தக் கசிவு மூணாம் நாள்லேர்ந்து ஏழாம் நாளுக்குள்ள, பெரும்பாலும் ஜுரம் இறங்கும்போதுதான் ஆரம்பிக்கும். தாய்மார்கள் நிம்மதியாகிற நேரம் அது. எத்தனை பேர் "நேத்தே விட்டுடுச்சு சார்"னு சொல்லிக்கிட்டே தூக்கிட்டு வந்திருக்காங்க! கசிவு ஒண்ணு ரெண்டு நாள்ல தானா அடைபடும், வெளியே போன தண்ணி திரும்ப உள்ளே வரும். அப்பவும் டிரிப்ஸை வேகமா விட்டா நுரையீரல்ல தேங்கிடும். அதனாலதான் உங்க பேப்பர்ல 44, 40, 36ன்னு இறங்க இறங்க வேகத்தைக் குறைச்சாங்க. அந்தப் பேப்பரைப் பத்திரமா வெச்சிருங்க, அவளோட சாதாரண அளவு 36ன்னு தெரிஞ்சிருக்கிறது பின்னால உதவும்.

பிளேட்லெட் ஏத்தாதது சரிதான். சிங்கப்பூர்லயும் மலேசியாவுலயும் 20,000 வரைக்கும் இறங்கின பெரியவங்க 372 பேரை ரெண்டு பிரிவாக்கி ஒரு பிரிவுக்கு மட்டும் பிளேட்லெட் ஏத்திப் பார்த்தாங்க. 2017-ல முடிவு வந்தது. ரத்தப்போக்கைத் தடுக்கிறதுல சொல்லும்படி வித்தியாசம் இல்லை, ஏத்தினவங்களுக்குத்தான் பக்கவிளைவு கூட. அதே சமயம் வியட்நாம் ஹோ சி மின் நகரத்துல டெங்கு ஷாக்ல, அதாவது ரத்த ஓட்டமே சரிஞ்ச நிலையில, வந்த 512 குழந்தைகளுக்கு எந்த டிரிப்ஸ் நல்லதுன்னு பார்த்தாங்க, 2005-ல வெளியாச்சு. 512 பேர்ல இறந்தது ஒரே ஒரு குழந்தை. சரியான நேரத்துல, சரியான அளவுல ஏத்தின உப்புத்தண்ணிதான் இன்னிக்கு டெங்குவுக்கு இருக்கிற மருந்து. வைரஸையே அடிக்கிற மாத்திரை ஒண்ணும் இன்னும் கைக்கு வரலை. நல்லா வந்துக்கிட்டிருந்த ஒரு மாத்திரையோட ஆராய்ச்சியையும் அந்த கம்பெனி 2024-ல நிறுத்திடுச்சு. அதைப் படிச்ச அன்னிக்கு எனக்கு மனசு ஆறலை.

இப்ப ஊசி. எண்ணூர்த் தம்பி கேட்டதுல பாதிப் பதில் இருக்கு. மஞ்சள் காய்ச்சல் வைரஸ் ஒரே வகை. 1927-ல கானாவுல ஆசிபின்னு ஒருத்தர் ரத்தத்துலேர்ந்து எடுத்த வைரஸை, மேக்ஸ் தெய்லர் குழு திரும்பத் திரும்பக் கோழிக்கருவுல வளர்த்து வீரியம் குறைச்சாங்க. 1937-ல 17டி ஊசி வந்தது. தெய்லருக்கு 1951-ல நோபல் பரிசு. தம்பி கையில ஏறினதும் அந்த ஆசிபி வழி வந்ததுதான்.

டெங்கு நாலு வகை. ஒண்ணு வந்தா அந்த வகை திரும்ப வராது, மத்த மூணும் வரலாம். சிக்கல் எங்கேன்னா, ரெண்டாவதா வேற வகை வரும்போது சிலருக்கு நோய் முற்றுது. 1960-கள்ல பாங்காக்ல ஹால்ஸ்டெட்ங்கிற டாக்டர் ஒண்ணைக் கவனிச்சார். முற்றின நிலையில வந்த குழந்தைகள் ரெண்டு ரகம். ஒண்ணு, ரெண்டாவது தடவை டெங்கு வந்த பிள்ளைகள். இன்னொண்ணு, முதல் தடவைதான், ஆனா ஒரு வயசுக்குள்ள இருக்கிற கைக்குழந்தைகள். அந்தக் கைக்குழந்தைகளுக்கு எப்படி? தாயோட ரத்தத்துலேர்ந்து வந்த எதிர்ப்புப் புரதம் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கு. ஆக, பாதி எதிர்ப்பு இருக்கிறது எதிர்ப்பே இல்லாததைவிட மோசமாகலாம்.

உங்க தொழில்ல சொன்னா, ஒருத்தர் அளவுக்குத் தைச்ச பிளவுஸை இன்னொருத்தர் போட்டா கொக்கி ஒண்ணு மாட்டும், ஒண்ணு மாட்டாது இல்லையா? முதல் வகைக்குத் தயாரான எதிர்ப்புப் புரதம் ரெண்டாவது வகை வைரஸ் மேல அப்படிப் பாதிதான் மாட்டும். கொல்லாது. ஆனா அது மாட்டியிருக்கிறதைப் பார்த்து வெள்ளணு அந்த வைரஸை உள்ளே இழுக்கும். டெங்கு பெருகுறதே அந்த வெள்ளணுக்குள்ளதான்.

இதனாலதான் டெங்கு ஊசி நாலு வகைக்கும் ஒரே நேரத்துல, முழுசா வேலை செய்யணும். பிலிப்பைன்ஸ்ல 2016-ல பள்ளிப் பிள்ளைகள் 8 லட்சம் பேருக்கு மேல போட்டாங்க. டெங்வாக்ஸியான்னு பேரு. ஆச்சரியமா இருக்கும், அதே 17டி மஞ்சள் காய்ச்சல் ஊசியோட உடம்புல டெங்குவோட மேல்தோலை மாத்திப் பொருத்திச் செஞ்சது அது. ஏற்கெனவே டெங்கு வந்த பிள்ளைகளைக் காப்பாத்துச்சு. ஒருதடவைகூட வராத பிள்ளைகளுக்கு, அந்த ஊசியே முதல் டெங்கு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் நிஜ டெங்கு வந்தப்ப அது ரெண்டாவது தடவை வந்த மாதிரி. 2017 நவம்பர்ல கம்பெனியே அறிவிச்சது. உலக சுகாதார நிறுவனம் போட்ட கணக்கு: முன்னாடி டெங்கு வராத 1,000 பேருக்குப் போட்டா 5 வருஷத்துல கூடுதலா 5 பேர் ஆஸ்பத்திரியில சேருவாங்க, 2 பேருக்கு முற்றும். முன்னாடி வந்த 1,000 பேருக்குப் போட்டா 15 பேர் ஆஸ்பத்திரிக்குப் போறதைத் தடுக்கும். அங்கே இறந்த பிள்ளைகள் ஊசியாலதான் இறந்தாங்களாங்கிறது கோர்ட்டுவரை போச்சு. உங்க வாய்ஸ் மெசேஜ் முழுப் பொய்னும் சொல்ல மாட்டேன், முழு உண்மைன்னும் சொல்ல மாட்டேன்.

எபோலாவுக்கு ஊசி சீக்கிரம் நிரூபணமானது இங்கேதான் வித்தியாசப்படுது. 2015-ல கினியாவுல, நோயாளி ஒருத்தரைக் கண்டா அவரோட பழகினவங்க, அவங்களோட பழகினவங்கன்னு வளையம் போட்டு ஊசி போட்டாங்க. பெரியம்மையை ஒழிச்ச அதே முறை. 5,837 பேருக்குப் போட்டதுல 10 நாளுக்கு அப்புறம் ஒருத்தருக்குக்கூட எபோலா வரலை. அடைகாலம், அதாவது கிருமி உள்ளே போய் நோய் வெளியே தெரியிற வரைக்கும், அதிகபட்சம் 21 நாள், அதுக்குள்ள பதில் தெரிஞ்சுடும். டெங்கு ஊசியோட கெடுதல் வெளியே தெரிஞ்சதே மூணாவது வருஷம். முதல் வருஷக் கணக்கை மட்டும் பார்த்திருந்தா அது நல்ல ஊசி. அவசரப்பட்டா பிள்ளைகள் உயிர், தாமதிச்சாலும் பிள்ளைகள் உயிர். அதைச் சோதிக்கிறவங்க நிலைமையை நான் லேசா நினைக்கலை.

உங்க கேள்விக்கு நேரா வரேன். பொண்ணுக்கு ரெண்டு வகை வந்து போயிடுச்சு. மூணாவதா வந்து முற்றுறது அபூர்வம், வரவே வராதுன்னு சொல்ல முடியாது. ஊசி விஷயத்துல அவளைவிட உங்க சின்னவனைப் பத்தித்தான் நான் யோசிப்பேன். சென்னையில 50 இடத்துல 2011-ல ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வுல 93 சதவீதம் பேருக்கு டெங்கு ஏற்கெனவே வந்து போன அடையாளம் இருந்தது. நம்ம ஊர்ல பெரியவங்களுக்கு அநேகமா எல்லாருக்கும் வந்திருக்கும். 5 வயசுப் பையனுக்கு வந்திருக்கா, தெரியாது. அதனால எந்த ஊசி வந்தாலும், முன்னாடி டெங்கு வராத குழந்தைக்கு, எந்த வகைக்கு எதிரா, எத்தனை வருஷம் பார்த்தாங்கன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கு. ஜப்பான் கம்பெனியோட கியூடெங்கா, 3 மாச இடைவெளியில ரெண்டு டோஸ். டெங்கு அதிகமுள்ள ஊர்ல 6லேர்ந்து 16 வயசு வரைக்கும் போடலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. அதை ஹைதராபாத்ல தயாரிக்க 2024-ல ஒப்பந்தம் ஆச்சு. இன்னொண்ணு அமெரிக்க அரசு ஆய்வகத்துல பிறந்தது. வைரஸோட மரபுச் சரத்துல 30 எழுத்தை வெட்டி எடுத்து வீரியத்தைக் குறைச்சது. அந்த வித்தை வாங்கிப் பிரேசில்ல புட்டன்டான் நிறுவனம் ஒரே டோஸ் ஊசி செஞ்சு, 16,000 பேருக்கு மேல சோதிச்சு, 2025 நவம்பர்ல அனுமதி வாங்கிடுச்சு. அதே விதையிலேர்ந்து பனேசியா பயோடெக் செஞ்ச டெங்கிஆல் ஊசியை ஐசிஎம்ஆர், அதாவது நம்ம நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2024 ஆகஸ்ட்ல ரோத்தக்ல முதல் ஆளுக்குப் போட்டாங்க. 19 இடத்துல 10,335 பேர், ரெண்டு வருஷம் கவனிக்கணும்னு திட்டம்.


வியாசர்பாடி நிவேதா
திங்கள், பிற்பகல் 1.15

ஐயா எழுதினதை எங்க கிளாஸ்ல எடுத்திருந்தா எனக்கு ரெண்டு பேப்பர் அரியர் விழுந்திருக்காது. நான் எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி. ஒரு விஷயம் மட்டும் ஒத்துக்க முடியல. "ஏழைங்க நோய்னு விட்டுட்டாங்களா"ன்னு செல்வி அக்கா கேட்டதுக்கு ஐயா பதில் சொல்லல. விட்டுட்டாங்கதான் அக்கா.

அந்த எபோலா ஊசி கனடாவுல வின்னிபெக் அரசு ஆய்வகத்துல உருவானது. மாடு குதிரைக்கு வர ஒரு வைரஸை எடுத்து, அதோட மேல்புரதத்தை எடுத்துட்டு எபோலாவோடதைப் பொருத்தினாங்க. குரங்குகளைக் காப்பாத்துச்சுன்னு 2005-லயே பேப்பர் வந்துடுச்சு. மனுஷங்க மேல சோதிக்கிற கட்டத்துக்கு அது போகவே இல்ல. வாங்க ஆள் இல்ல. 2014-ல மேற்கு ஆப்பிரிக்காவுல பரவி 11,000 பேருக்கு மேல செத்தப்புறம்தான் எல்லாரும் ஓடினாங்க. எண்ணூர் அண்ணன் பார்த்த அந்தப் பெரியவர் தெருவுல ஏழு வீடு பூட்டினப்ப, ஊசி பிறந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அதை நினைச்சா எனக்குத் தொண்டை அடைக்குது.

மருந்தும் அப்படித்தான். 1976-ல எபோலா முதன்முதலா வந்தப்பவே யம்புக்குங்கிற கிராமத்துக்குப் போன காங்கோ டாக்டர் முயெம்பே, 1995-ல கிக்விட் ஊர்ல பரவினப்ப, பிழைச்சவங்க ரத்தத்தை 8 நோயாளிகளுக்கு ஏத்தினார். 7 பேர் பிழைச்சாங்க. ஒப்பிட்டுப் பார்க்க வேற குழு இல்லன்னு யாரும் பெருசா எடுத்துக்கல. அதே கிக்விட்ல பிழைச்ச ஒருத்தரோட ரத்தத்துலேர்ந்து எடுத்த எதிர்ப்புப் புரதம்தான் பின்னாடி எம்ஏபி114ங்கிற மருந்தாச்சு. 2018 நவம்பர்லேர்ந்து காங்கோவுலயே, சண்டை நடக்கிற பகுதியில, நாலு மருந்தை ஒண்ணோட ஒண்ணு வெச்சு 681 பேருக்குப் பார்த்தாங்க. ரெம்டெசிவிர் குடுத்தவங்கள்ல 53 சதவீதம் இறந்தாங்க. எம்ஏபி114ல 35, இன்னொரு புரதக் கலவையில 33.5. உடம்புல வைரஸ் கொஞ்சமா இருக்கிறப்பவே வந்து சேர்ந்து, இந்த ரெண்டு புரத மருந்துல ஒண்ணு வாங்கினவங்கள்ல பத்துக்கு ஏறத்தாழ ஒருத்தர்தான் இறந்தாங்க. கோவிட் சமயத்துல நம்ம ஊர்ல ரெம்டெசிவிருக்கு ராத்திரி பகலா கியூ நின்னோமே, அது இந்தச் சோதனையில கடைசியா வந்த மருந்து.

நம்ம பக்கத்து மாநிலக் கதை இன்னும் வலிக்கும். 1957-ல ஷிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டுல குரங்குங்க செத்து விழுந்துச்சு, அப்புறம் விறகு பொறுக்கப் போனவங்களுக்கு ஜுரம். உண்ணி கடிச்சு வரது. 2012-ல நம்ம முதுமலைக்கு அடுத்த பந்திப்பூர் காட்டுலயும் கண்டுபிடிச்சாங்க. அதுக்கு ஒரு பழைய ஊசி இருந்தது. ரெண்டு டோஸ் போட்டா 62 சதவீதம், பூஸ்டரோட 83 சதவீதம்தான் பாதுகாப்பு. பலன் போதலன்னு அதையும் நிறுத்திட்டாங்க. நோய் கண்டுபிடிச்சு 65 வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்பத்தான் புது ஊசி வேலை நடக்குது. காட்டுக்குள்ள போறவங்களுக்கு மட்டும் வர நோய்க்கு எந்த கம்பெனிக்கு அவசரம்?

அர்ஜென்டினாவைப் பாருங்க. சோளம் அறுக்கிறவங்களுக்கு எலி மூலமா வர ரத்தக்கசிவு ஜுரம். 100-க்கு 16 பேர் செத்துட்டிருந்தாங்க. மைஸ்டெகுயின்னு ஒரு டாக்டர், பிழைச்சவங்களோட பிளாஸ்மாவை 8 நாளுக்குள்ள ஏத்தினா அது 1 ஆகுதுன்னு 1979-ல நிரூபிச்சார். அப்புறம் அந்த நாட்டு அரசே ஊசியைத் தயாரிச்சுத் தன் தொழிலாளிங்களுக்குப் போட்டுச்சு. அரசு நினைச்சா நடக்கும் ஐயா.


தண்டையார்பேட்டை பழைய லேப்
திங்கள், மாலை 6.30

நிவேதா, நீ சொன்னது என் பதிலைவிடச் சரி. ஒத்துக்கிறேன். டெங்கு மாதிரி ஜுரம் மதராசுல 1780-லயே பதிவாகியிருக்கு. நாலு வகைங்கிறது விஞ்ஞானச் சிக்கல்தான், ஆனா அதை அவிழ்க்க எத்தனை பேரை உட்கார வெச்சோம்ங்கிறது காசுச் சிக்கல். நான் என் மேஜையில இருந்த குழாயை மட்டும் பார்த்துப் பழகிட்டேன்.

ஒண்ணு சேர்த்துக்கோ. 2011 ஜனவரியில குஜராத் சானந்துல கிரிமியன் காங்கோ ஜுரம்னு, உண்ணி மூலமா வர இன்னொரு ரத்தக்கசிவு ஜுரம் வந்து, பார்த்த டாக்டரும் நர்சும் இறந்தாங்க. ரத்த மாதிரி புனே ஆய்வகத்துக்குப் போய்த்தான் என்ன நோய்னு தெரிஞ்சது. அதுவரைக்கும் இந்த மாதிரி ரத்தத்தை எல்லாம் நாங்க சாதாக் கையுறை போட்டுத்தான் சுத்த விட்டுக்கிட்டிருந்தோம்.


கொருக்குப்பேட்டை செல்வி
திங்கள், இரவு 9.50

ஐயா, நிவேதா, எண்ணூர் அண்ணன், மூணு பேருக்கும் கை கூப்பிச் சொல்றேன். ரெண்டு தடவை படிச்சேன், வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டினேன். 47 தான் ஆபத்து, 31,000 இல்லன்னு இத்தனை மாசம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியுது. அந்த நர்சிங் ஹோம்ல பணம் இருந்திருந்தா கட்டிட்டு அங்கயே உக்காந்திருப்பேன். அத நெனச்சாத்தான் ஈரக்கொல நடுங்குது.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. சின்னவனுக்கு நாளைக்கு ஜுரம் வந்தா, முதல் நாள்லேர்ந்து நான் என்ன பாக்கணும்? எங்க தெருவுல தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ரெண்டு ப்ளூ டிரம், அஞ்சு குடம், ஒரு அண்டா. ரொப்பி வெக்காம இருக்க முடியாது.


தண்டையார்பேட்டை பழைய லேப்
திங்கள், இரவு 10.20

பாராசிட்டமால் மட்டும் குடுங்க, எடைக்குத் தக்க அளவு டாக்டர் சொல்றபடி. ப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம், ஆஸ்பிரின் கூடவே கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். முதல் அஞ்சு நாளுக்குள்ள என்எஸ்1 பரிசோதனை, அதுக்கப்புறம்னா ஐஜிஎம். கஞ்சி, இளநீர், ஓஆர்எஸ், எது இறங்குதோ அது. மூத்திரம் எத்தனை தடவை போறான்னு எண்ணுங்க, ஆறு மணி நேரமா போகலைன்னா கிளம்பிடுங்க. ஜுரம் விட்ட அன்னிக்கு மெஷின்ல உட்காராதீங்க. அடுத்த ரெண்டு நாள் அவன் பக்கத்துலயே இருங்க. வயித்து வலி, நிக்காத வாந்தி, ஈறுல ரத்தம், சோர்ந்து தூங்கித் தூங்கி விழறது, சில்லிட்ட கால், இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் ராத்திரின்னு பார்க்காதீங்க. போன உடனே "பிசிவி எவ்வளவு"ன்னு கேளுங்க.


டிபிசி கலா
செவ்வாய், காலை 7.05

செல்வி அக்கா, நான் மாநகராட்சியில கான்ட்ராக்ட்ல கொசுப்புழு பாக்குற வேலை, ஏழு வருஷமா உங்க பக்கம்தான். டிரம்மைப் பத்திச் சொன்னீங்களே, அதனால எழுதுறேன். நாங்க வந்து அபேட் ஊத்திட்டுப் போறோம்ல, அது புழுவைத்தான் கொல்லும். முட்டை தண்ணிக்குள்ள இருக்காது அக்கா. தண்ணி மட்டத்துக்கு ஒரு விரக்கடை மேல, டிரம் சுவத்துல, கறுப்பு மிளகுத்தூள் ஒட்டின மாதிரி வளையமா இருக்கும். டார்ச் அடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். தண்ணி வத்தினாலும் மாசக்கணக்குல காஞ்சு ஒட்டிக்கிட்டே கிடக்கும். நீங்க திரும்ப ரொப்புனதும் பொரியும். பொரிஞ்சு ஏழெட்டு நாள்ல கொசு.

அதனால வெறும காலி பண்ணிக் கவுக்குறது போதாது. வாரத்துக்கு ஒருநாள், தண்ணி வராத அன்னிக்கு, தேங்காய் நார் போட்டு அந்த மேல் வளையத்தை நல்லா தேய்க்கணும். தேய்ச்ச தண்ணியைச் சாக்கடையில ஊத்தாதீங்க, வெயில்ல மண்ணுல ஊத்துங்க. மூடி இல்லாத டிரம்முக்குப் பழைய வேட்டியை ரெட்டையா மடிச்சு, ரப்பர் டியூப்ல இறுக்கிக் கட்டுங்க. நடுவுல குழிஞ்சு தண்ணி நிக்காம இழுத்துக் கட்டணும். நீங்க தைக்கிறவங்க, எலாஸ்டிக் வெச்சு உறை மாதிரியே தைச்சுடலாம்.

ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டையும் பாருங்க. நேத்து உங்க அடுத்த தெருவுல ஒரு வீட்டுல டிரம் எல்லாம் சுத்தம், அந்தத் தட்டுல மட்டும் நாப்பது புழு.

வியாழக்கிழமை உங்க தெருவுக்கு வரோம். உங்க டிரம்ல பாதிக்குக் கீழ தண்ணி இருக்கிற மாதிரி வெச்சிருங்க, நானே டார்ச் அடிச்சு அந்த வளையத்தைக் காட்டுறேன். முடிஞ்சா அந்த எலாஸ்டிக் உறை ஒண்ணு தைச்சு வைங்க அக்கா, மத்த வீட்டுக்காரங்களுக்குக் காட்ட எனக்கு ஒண்ணு வேணும்.